பொருளாதார பிஎச்.டி.க்குக் கடன் வேண்டாம், கணிதம் வேண்டும்

மகள் அமெரிக்காவில் பொருளாதார பிஎச்.டி. சேர விரும்புகிறாள், கல்விக் கடன் எவ்வளவு எடுக்க வேண்டியிருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல துறையில் இடம் கிடைத்தால் படிப்புக்கென்று கடன் தேவைப்படாது. கட்டணத்தைப் பல்கலைக்கழகமே தள்ளுபடி செய்து, செலவுக்கு உதவித்தொகையும் தரும். பதிலுக்கு அவள் இளங்கலை வகுப்புகளுக்கு உதவ வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், அல்லது பேராசிரியரின் ஆய்வில் வேலை பார்க்க வேண்டும். பணம் இல்லாமல் இடம் மட்டும் தருகிறோம் என்று கடிதம் வந்தால் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். 5, 6 ஆண்டுகள் கைக்காசில் படிக்கிற படிப்பு அல்ல இது.

ஆகவே கவலைப்பட வேண்டியது இடத்தைப் பற்றித்தான். அதைத் தீர்மானிப்பவை கணிதமும் பரிந்துரைக் கடிதங்களும்.

முதலாண்டில் நுண்ணியல் பொருளாதாரம், பேரியல் பொருளாதாரம், எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் அலசும் பாடம்) மூன்றையும் தேற்றம், நிறுவல் என்றே நடத்துவார்கள். அது முடிந்ததும் தகுதித் தேர்வு. பல துறைகளில் இரண்டாம் வாய்ப்பிலும் தவறினால் முதுகலைப் பட்டத்தோடு வெளியே வர வேண்டியதுதான். அதனால் சேர்க்கைக் குழு மதிப்பெண் பட்டியலில் முதலில் தேடுவது பன்மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, ரியல் அனாலிசிஸ் (நுண்கணிதத்தின் அடிப்படைகளை நிறுவிக் காட்டும் பாடம்). கடைசிப் பாடம் அன்றாட ஆய்வில் அவ்வளவாகப் பயன்படாது. ஆனால் ஒரு தொடர்வரிசையின் எல்லையைக் கணக்குப் போட்டுச் சொல்வது வேறு, அது அங்கே ஒருங்கியே தீர வேண்டும் என்பதை எப்சிலான் என்ற மிகச் சிறிய எண்ணை வைத்து வரிக்கு வரி நிறுவுவது வேறு. இரண்டாவது அவளுக்கு வருமா என்பதற்கு அந்தப் பாடத்தில் வாங்கிய மதிப்பெண்தான் சாட்சி. பொருளாதாரம் மட்டும் படித்திருந்தால் கணிதத் துறையில் விருப்பப் பாடமாக எடுக்கட்டும், அல்லது முதுகலையில் சேர்த்துக்கொள்ளட்டும். இணையவழிச் சான்றிதழ் இதற்கு ஈடாகாது.

மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வில் கணிதப் பகுதியைத்தான் பார்ப்பார்கள். உச்சம் 170. முன்னணித் துறைகளைக் குறிவைத்து 167க்குக் கீழே நின்றால், இன்னொரு முறை எழுதுவது நல்லது. 170 வாங்கினாலும் அதை வைத்து இடம் கிடைக்காது, போட்டியில் நிற்கும் பலரிடமும் அது இருக்கும். ஜிஆர்இ கேட்காத துறைகளும் உண்டு. ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது கடிதங்களில். பொதுவாக மூன்று கேட்பார்கள். கல்லூரி முதல்வர், பெரிய பதவியில் இருக்கும் உறவினர் என்று ஆள் தேடாதீர்கள். ‘ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, வகுப்பில் முதலிடம்’ என்ற கடிதம் குழுவுக்கு எதையுமே சொல்வதில்லை. ‘தரவில் ஒரே குடும்பம் இருமுறை பதிவாகியிருந்ததைத் தானே கண்டுபிடித்தார், திருத்திய பின் முடிவு எப்படி மாறியது என்று விளக்கி எழுதினார்’ என்ற ஒரு வரி எடை கூடியது. அப்படி எழுத, அவளோடு ஆய்வில் உட்கார்ந்தவரால்தான் முடியும். ‘நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்று சில பேராசிரியர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளக் கூடாது. நேர்மைப் பிரச்சினை ஒருபுறம். மூன்று கடிதங்களும் ஒரே குரலில் பேசினால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட பேராசிரியர் இல்லையென்றால் ‘பிரீடாக்’ வேலைக்கு முயலலாம். ஓரிரு ஆண்டு, சம்பளத்தோடு, முழுநேர ஆய்வு உதவியாளர் பணி. நேஷனல் பியூரோ ஆஃப் எகனாமிக் ரிசர்ச் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பின் இணையதளத்தில் இதற்கான அறிவிப்புகள் வரும். தரவை அலசும் கணினிக் கருவிகளான ஸ்டாட்டா, ஆர், பைத்தான் இவற்றில் ஒன்றாவது கைவசம் இருக்க வேண்டும். தரவுக் கோப்பைக் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் பகுத்து அனுப்பு என்று சோதிப்பார்கள். ஓராண்டு வீணாகிறதே என்று நினைக்காதீர்கள், நல்ல கடிதம் அங்கேதான் பிறக்கிறது.

இடம் கேட்டுப் பேராசிரியர்களுக்கு வரிசையாக மின்னஞ்சல் அனுப்புவது ஆய்வகம் சார்ந்த அறிவியல் துறைகளின் பழக்கம். அமெரிக்கப் பொருளாதாரத் துறைகளில் குழுதான் தேர்ந்தெடுக்கிறது, தனி ஆள் அல்ல. ஐரோப்பாவில் கதை வேறு: பெரும்பாலும் முதுகலை முடித்திருக்க வேண்டும். ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் பல்கலைக்கழக ஊழியர்.

விண்ணப்பத்தோடு அவள் எழுதித் தரும் நோக்க அறிக்கை இரண்டு பக்கத்துக்குள் போதும். ‘சிறு வயதிலிருந்தே’ என்று தொடங்கினால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். என்ன கேள்வி, எந்தத் தரவு, எந்த முறை, அந்தத் துறையில் யாருடைய ஆய்வோடு பொருந்துகிறது என்று எழுதட்டும்.

கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி தொடக்கம் வரை. தேர்வுகளை அக்டோபருக்குள் முடித்துவிட்டு, கடிதம் எழுதுபவர்களிடம் செப்டம்பரிலேயே சொல்லிவைக்க வேண்டும். 10 முதல் 15 இடங்களுக்கு, மேல்தட்டு, நடுத்தட்டு என்று கலந்து விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 100 டாலர் ஆகும். விலக்கு கேட்பதானால் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன்பே கேட்க வேண்டும்.

முடிவுகள் பிப்ரவரி, மார்ச்சில் வரும். இடம் தரும் கடிதத்தில் உதவித்தொகையின் மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். அது 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா, எத்தனை ஆண்டு உறுதி, மருத்துவக் காப்பீடு உண்டா, கற்பித்தல் பணிக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தனி மதிப்பெண் கேட்கிறார்களா என்று வரி வரியாகப் படியுங்கள். நிதியோடு இடம் தரும் பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருகின்றன. காத்திருப்போர் பட்டியல் அசைவது பெரும்பாலும் அந்தக் கடைசி மூன்று நாளில்தான். அப்போது அவள் மின்னஞ்சலை மணிக்கொரு தரம் பார்க்கட்டும்.