வாசகர் கேள்வி – பதில்: முதல் வேட்டைத் துவக்கு

கேள்வி: வேட்டைப் பயிற்சி முடித்து, பி.ஏ.எல். உரிமமும் (கனடாவில் துவக்கு வைத்திருக்கும் உரிமம்) கைக்கு வந்துவிட்டது. நவம்பரில் நண்பர்களோடு ஒன்ராறியோவின் ஹலிபேர்ட்டன் பக்கம் மான் வேட்டைக்குப் போக உத்தேசம். வரியோடு சேர்த்து 1,300 டொலருக்கு மேல் என்னால் முடியாது. கடையில் .300 வின்செஸ்டர் மக்னம் என்ற பலத்த தோட்டாவுக்கான துவக்கை எடுக்கச் சொல்கிறார்கள். என் உயரம் 5 அடி 4 அங்குலம். எதை வாங்கலாம்?
– ஸ்காபரோ வாசகர்

பதில்: மக்னம் வேண்டாம். அதன் உதைப்பு புதியவரின் பழக்கத்தைக் கெடுத்துவிடும். நாலைந்து வெடிக்குள் உடம்பு அடியை எதிர்பார்க்கத் தொடங்கும். விசையை இழுப்பதற்கு ஒரு கணம் முன்பே தோள் இறுகும், கண் மூடும், குழல் முனை தாழும். அப்படிச் சுட்ட சன்னம் மானின் நெஞ்சில் படாமல் காலிலோ வயிற்றிலோ படும். அந்த மான் காயத்தோடு ஓடி, எங்கோ ஒரு புதரில் நெடுநேரம் வேதனைப்பட்டுச் சாகும். முதல் துவக்கைத் தெரிவு செய்யும்போது மனதில் இருக்கவேண்டியது அதுதான்.

நீங்கள் எடுக்கவேண்டியது .308 வின்செஸ்டர், போல்ட் அக்‌ஷன். ஒவ்வொரு வெடிக்கும் கையால் பூட்டுத்தண்டை (போல்ட்டை) இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை அது. .308 என்பது 1952-ல் வந்த தோட்டா. சிறு ஊர்க் கடையிலும் கிடைக்கும், மானுக்கும் கருங்கரடிக்கும் தாராளம். பின்னாளில் மூஸுக்கு (மிகப் பெரிய மான் இனம்) போனாலும் 165 அல்லது 180 கிரெய்ன் (சன்னத்தின் எடை அலகு) சன்னத்தோடு இதே துவக்கு போதும். உதைப்பு இன்னும் குறைவாக வேண்டுமென்றால் 6.5 கிரீட்மோர் அல்லது 7எம்எம்-08 தோட்டா வகைகளைப் பார்க்கலாம். .243 மானுக்கு நல்லது, ஆனால் மூஸுக்கு அதை நம்பிப் போகக்கூடாது. .22 போன்ற ரிம்ஃபயர் (ஊசி விளிம்பில் அடித்து வெடிக்கும் சிறு தோட்டா) றைபிளால் ஒன்ராறியோவில் மான் சுடுவது சட்டவிரோதம்.

உங்கள் கணக்கில் சாவேஜ் ஆக்ஸிஸ் 2, ரூகர் அமெரிக்கன், மொஸ்பேர்க் பேட்ரியட் ஆகியவற்றுக்குள் தேடுங்கள். ஆக்ஸிஸ் வரிசையில் '2' என்ற எண்ணைக் கவனித்து வாங்குங்கள். அதில்தான் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய விசை வருகிறது; பழைய அடிப்படை மாதிரியின் விசை கனமானது. டிக்கா டி3எக்ஸ் இவை எல்லாவற்றையும்விட வழுவழுப்பான துவக்கு, மறுப்பதற்கில்லை. ஆனால் அதை வாங்கினால் ஸ்கோப்புக்கும் தோட்டாவுக்கும் காசு மிஞ்சாது.

13 வீத வரியைக் கழித்தால் உங்களிடம் 1,150 டொலர். துவக்குக்கு 600, ஸ்கோப்புக்கு 220, ஸ்கோப்பைத் துவக்கில் பூட்டும் பேஸும் ரிங்கும் 60, விசைப் பூட்டும் துப்புரவுச் சாமானும் 70, தோட்டாவுக்கு 200 என்று பிரியுங்கள். 20 தோட்டா உள்ள பெட்டி ஏறத்தாழ 50 டொலர் என்றால் நாலு பெட்டி வரும். அந்த 200 டொலரில் மட்டும் கைவைக்காதீர்கள். ஸ்கோப்போடு சேர்த்து விற்கும் துவக்கு மலிவாகக் கிடைத்தால் எடுக்கலாம். ஆனால் அந்த ஸ்கோப்புகள் மாலை மங்கலில் சீக்கிரம் இருண்டுபோகும். தனியாக வாங்குவதென்றால் 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 40 மி.மீ.) போதும். காட்டுக்குள் பெரும்பாலும் 100 யார் (கஜம்) தூரத்துக்குள்தான் மான் தெரியும். அங்கே 3 மடங்கில் வைத்திருப்பவர்தான் முதலில் மானைக் காண்பார்.

உயரம் சொன்னது நல்லது, அதுவே விலையைவிட முக்கியம். வழக்கமான சோங்கின் (துவக்கைத் தாங்கும் கட்டையின்) நீளம், விசையிலிருந்து பின்பட்டை வரை, பதின்மூன்றரை அங்குலத்துக்குக் கிட்ட இருக்கும். குளிர்ச் சட்டையின் தடிப்பும் சேர்ந்தால் உங்களுக்கு அது நீளம். கொம்பக்ட் (குறுகிய சோங்கு) மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். பன்னிரண்டரை அங்குலத்தை ஒட்டிய சோங்கு பொருந்தும். நவம்பரில் போடப்போகும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். துவக்கு வெறுமையாக இருப்பதை உறுதிசெய்து, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, கன்னத்தைச் சோங்கில் பதித்துவிட்டுக் கண்ணைத் திறவுங்கள். ஸ்கோப்பில் முழு வட்டமும் தெரியவேண்டும். கழுத்தை நீட்டித் தேடவேண்டியிருந்தால் அந்தத் துவக்கு உங்களுக்கானது அல்ல. ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் மூன்றரை அங்குல இடைவெளி இல்லாவிட்டால் முதல் வெடியிலேயே புருவம் கிழியும்.

இன்னொன்று: தெற்கு ஒன்ராறியோவின் பல வேட்டைப் பிரிவுகளில் மானுக்கு றைபிள் பாவிக்க முடியாது, சொட்கன் போன்றவைதான். காசு கட்டுமுன் நீங்கள் போகும் பிரிவின் எண்ணை மாகாண வேட்டை விதிப் புத்தகத்தில் பாருங்கள்.

கேள்வி: தெரிந்த ஒருவர் .303 லீ-என்ஃபீல்ட் ஒன்றை 350 டொலருக்குத் தருகிறார். மரம் வெட்டிக் குறைத்த வேட்டைத் துவக்கு. வாங்கலாமா?
– மார்க்கம் வாசகர்

பதில்: வாங்கலாம், பார்த்து வாங்கவேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ரொறன்ரோவுக்குப் பக்கத்து லோங் பிராஞ்ச் ஆலையிலும் செய்த துவக்கு வகை இது. வடக்கே கனேடிய ரேஞ்சர்கள் (இராணுவத்தின் துணைப்படையினர்) பல தசாப்தங்கள் இதைச் சுமந்தார்கள். அவர்களுக்கு இப்போது தரப்படும் சி-19, டிக்காவின் .308 துவக்கு. குளிரில் இயங்கும் விடயத்தில் .303-ஐக் குறைசொல்ல முடியாது.

போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமிருந்து வெளிச்சம் விட்டுக் குழலைப் பாருங்கள். உட்புறச் சுருள் வரிகள் கூர்மையாக, பளிச்சென்று ஓடவேண்டும். கரும்புள்ளிகளும் குழிகளும் இருந்தால், அரிக்கும் உப்பை விட்டுச்செல்லும் பழைய இராணுவத் தோட்டாவைச் சுட்டுவிட்டு யாரோ கழுவாமல் வைத்திருக்கிறார்கள். போல்ட் கைப்பிடியின் பின்புறம் பொறித்த எண்ணும் துவக்கு உடலின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறு வேறென்றால் போல்ட் மாற்றப்பட்டது. அப்போது தோட்டா அமரும் இடைவெளியைத் துவக்குத் திருத்துபவரிடம் அளவுக்கட்டை போட்டுப் பார்க்காமல் சுடக்கூடாது. இடைவெளி கூடினால் தோட்டாக் கோது அடிப்பக்கம் பிளந்து, வாயு முகத்துக்குத் திரும்பும்.

ஸ்கோப் பூட்டத் துளையிட்டிருக்கிறதா? இல்லையென்றால் மவுண்டுக்கும் கூலிக்கும் தனியாக ஒதுக்குங்கள். எல்லாம் கூட்டிப் பார்த்தால் புது ஆக்ஸிஸின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். திறந்த குறியோடு 100 யாருக்குள் சுடுவதென்றால் மட்டும் 350 நியாயம்.

பழைய ரெமிங்டன் 700 யாராவது தந்தால் இன்னொரு கவனம். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை எக்ஸ்-மார்க் ப்ரோ விசையோடு வந்தவற்றை நிறுவனமே 2014-ல் திருத்தத்துக்கு அழைத்தது, விசையைத் தொடாமலே வெடிக்கும் அபாயம் இருந்ததால். திருத்தியதா என்று கேட்டு வாங்குங்கள். யாரிடம் வாங்கினாலும், வாங்குபவரின் உரிமம் செல்லும் என்று அரசிடம் பெறும் உறுதிப்படுத்தல் எண் இல்லாமல் துவக்குக் கைமாறக்கூடாது. 2022 மே முதல் இது சட்டம்.

கேள்வி: ஸ்கோப்பைக் கடையிலேயே பூட்டி 'போர் சைட்' (குழலின் நேருக்கு ஸ்கோப்பைப் பொருத்துதல்) செய்து தந்தார்கள். இனி நேரே காட்டுக்குப் போகலாமா?
– பிரம்டன் வாசகர்

பதில்: போகக்கூடாது. கடையில் செய்தது சன்னத்தைத் தாளில் எங்காவது விழவைக்கும் வேலை மட்டும். முதலில் திருகுகளைப் பாருங்கள். கடையில் பூட்டி வருபவை தளர்ந்திருப்பது சாதாரணம். பேஸ் திருகை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணெயைத் துடைத்து, முறுக்களவு காட்டும் திருப்புளியால் 20 அங்குல-இறாத்தல் அளவுக்கும், ரிங் திருகை 15 முதல் 18 வரைக்கும் இறுக்குங்கள். ரிங்கை அதற்கு மேல் முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும்.

சுடுதளத்தில் 25 யாரில் தொடங்குங்கள். முன்மரத்தை மணல்மூட்டையில் வைக்கவேண்டும், குழலை அல்ல. கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் (ஒரு கிளிக் 100 யாரில் ஏறத்தாழ கால் அங்குலம் நகர்த்தும்) இந்தத் தூரத்தில் ஓர் அங்குலம் நகர்த்த 16 கிளிக் வேண்டும். நடுவுக்கு வந்ததும் 100 யாருக்குப் போங்கள்; இங்கே ஓர் அங்குலத்துக்கு 4 கிளிக். மும்மூன்று வெடியாகச் சுட்டு, அந்த மூன்றின் நடுவைப் பார்த்துத் திருப்புங்கள்; ஒற்றை வெடியைத் துரத்திக்கொண்டு கிளிக் திருப்புவதில்தான் தோட்டா வீணாகும். வேட்டைக் குழல் மெல்லியது, சூடேறினால் குறி நகரும். மூன்று வெடிக்குப் பிறகு போல்ட்டைத் திறந்துவிட்டு, குழல் கைக்கு ஆறும்வரை இருங்கள். .308-ல் 150 கிரெய்ன் சன்னம் 100 யாரில் 2 அங்குலம் மேலே விழும்படி நிறுத்தினால் 200 யாரில் ஏறத்தாழ நேராக வரும்.

மூன்று வெடியும் விழும் கொத்து ஒன்றரை, இரண்டு அங்குலம் இருந்தால் போதும், மானின் நெஞ்சுக்கூட்டில் குறிக்குரிய இடம் 8 அங்குலம். நாலைந்து அங்குலமாகச் சிதறினால் முதலில் சோங்கைச் சந்தேகியுங்கள். மலிவு பிளாஸ்டிக் முன்மரம் அழுத்தினால் வளைந்து குழலில் முட்டும். ஒரு தாள்துண்டைக் குழலுக்கும் முன்மரத்துக்கும் இடையே விட்டு இழுத்துப் பாருங்கள். மூட்டையில் வைத்த நிலையிலும் தடையில்லாமல் ஓடவேண்டும். அதுவும் சரியென்றால் கோளாறு உங்கள் தோளில் இருக்கலாம். நண்பரை மகசினில் டம்மித் தோட்டா ஒன்றைக் கலந்து ஏற்றச் சொல்லுங்கள். வெடிக்காத அந்தத் தடவையில் குழல் முனை குத்தெனத் தாழ்ந்தால் அதுதான் உதைப்புப் பயம்.

மிச்சத் தோட்டாவை மேசையில் இருந்து சுட்டுத் தீர்க்காதீர்கள். குந்தியிருந்தும், முழங்காலிலும், மரத்தில் சாய்ந்தும் சுடுங்கள். காட்டில் மேசை கிடையாது.

கேள்வி: வேட்டை இறைச்சியில் ஈயம் இருக்குமாமே? வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு.
– ஒஷாவா வாசகர்

பதில்: இருக்கும். ஈய உட்கரு உள்ள சன்னம் எலும்பில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சிதறி, காயத்திலிருந்து பல அங்குலம் தள்ளியும் போகும். கழுவினால் போகாது. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடும் வீடென்றால் முழுச் செப்புச் சன்னம் பாவியுங்கள். பெட்டிக்கு விலை கூடும், கொடுக்கலாம். செப்பு இலேசானது என்பதால் .308-ல் 130 அல்லது 150 கிரெய்ன் போதும். சன்னம் மாறினால் விழும் இடமும் மாறும், ஆகவே குறியைத் திரும்பச் சரிபார்க்கவேண்டும். ஈயமே பாவித்தால் காயத்தைச் சுற்றி இரத்தம் கட்டிய பகுதியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். அதைக் கொத்திறைச்சியில் போடவேண்டாம். இராணுவப் பாணி முழு உறைச் சன்னத்தை மானுக்குப் பாவிக்கவே கூடாது. விரியாமல் ஊடுருவிப் போய்விடும், மான் ஓடிவிடும்.

கேள்வி: வெளியே கடுங்குளிர், வீட்டுக்குள் சூடு. துவக்கை எப்படி வைப்பது?
– ஏஜக்ஸ் வாசகர்

பதில்: குளிரிலிருந்து வந்ததும் உறையைத் திறக்காதீர்கள். சூடான காற்றுப் பட்டால் குழலுக்குள் நீர் கோர்த்துத் துருவேறும். மூடிய உறையோடு சில மணி நேரம் விட்டு, பிறகு திறந்து துடையுங்கள். போல்ட்டுக்குள் தடித்த எண்ணெய் இருந்தால் உறைகுளிரில் கெட்டியாகும், ஊசி மெதுவாக அடிக்கும், தோட்டா வெடிக்காது. வேட்டைக்கு முன் போல்ட்டின் எண்ணெயை முழுதாகக் கழுவி, பூசியும் பூசாததுமாக மெல்லிய எண்ணெய் விடுங்கள். வைக்கும்போது தோட்டா இறக்கி, விசைப் பூட்டுப் போட்டோ பூட்டிய பெட்டியிலோ வைக்கவேண்டும். தோட்டாவைத் துவக்கோடு சேர்த்து வைப்பதென்றால் அந்தப் பெட்டி எளிதில் உடைக்க முடியாததாகவும் பூட்டியதாகவும் இருக்கவேண்டும். இல்லையென்றால் வேறிடத்தில் வையுங்கள்.