அக்காகிட்ட கேளுங்க: தேங்க்ஸ்கிவிங்குக்கு பறங்கிக்காய் போதும்

போன இதழ்ல ஒரு வாசகி, அமெரிக்காவுல மகன் வீட்டு தேங்க்ஸ்கிவிங் விருந்தைப் பத்தி, அதாவது அறுவடை முடிஞ்சு நன்றி சொல்ற அவங்க பண்டிகையைப் பத்தி, ரெண்டு வரி எழுதியிருந்தாங்க. அதைப் படிச்சுட்டு வந்த கேள்விங்கதான் இந்த வாட்டி முழுக்க.

மகளும் மருமகனும் டல்லாஸ்லேர்ந்து பேரப்பிள்ளைங்களோட நவம்பர்ல வர்றாங்க. எட்டு வயசுப் பேத்தி "பாட்டி, உங்க வீட்ல தேங்க்ஸ்கிவிங் உண்டா"ன்னு வீடியோ கால்ல கேக்கறா. நாங்க சுத்த சைவம், அப்போ வீட்ல ஐயப்பனுக்கு மாலை வேற போட்டிருப்பாங்க. என்ன செஞ்சு போடறது அக்கா? – வாசகி, மயிலாப்பூர்

உண்டுன்னு தைரியமா சொல்லிடுங்கம்மா. அந்த மேஜைல வான்கோழி நடுவுல உக்காந்திருக்கும், ஆனா சுத்தி இருக்கறது முக்காவாசி காய்கறிதான். மசிச்ச உருளைக்கிழங்கு, சக்கரவள்ளிக்கிழங்கு, மக்காச்சோளம், பீன்ஸ், பறங்கிக்காய்ல செஞ்ச 'பை'ங்கற இனிப்புப் பண்டம், அப்புறம் கிரான்பெர்ரின்னு புளிப்பா ஒரு பழம், அதுல சாஸ். இதுல எந்தக் காய் உங்க தெருமுனைக் கடைல கிடைக்காது சொல்லுங்க? இன்னொண்ணு, இந்தக் காய் எல்லாமே அமெரிக்கக் கண்டங்கள்ல பொறந்து கப்பலேறி நம்மகிட்ட வந்ததுதான். பறங்கியர் கொண்டு வந்ததாலதான் அது பறங்கிக்காய். இன்னைக்கு மார்கழிக் கோலத்துல சாணி உருண்டை மேல பறங்கிப்பூ வெக்கறோம், பறங்கியும் சக்கரவள்ளியும் இல்லாம பொங்கலுக்கு ஏழுகறிக் கூட்டான்னு கேக்கற மாமிங்க உங்க தெருவுலயே இருப்பாங்க. பேத்திக்கு இதைச் சொல்லுங்க, அவ ஊர் சாப்பாடும் உங்க ஊர் சாப்பாடும் ரொம்ப நாளாவே சொந்தம்னு அவளுக்கே புரியும்.

சக்கரவள்ளியை வேக வெச்சு வட்டமா நறுக்கி வெண்ணெயும் வெல்லமும் விட்டு தோசைக்கல்லுல பிரட்டிடுங்க. உருளைக்கிழங்கை சூடா இருக்கும்போதே மசிச்சு பால், வெண்ணெய், மிளகு. பீன்ஸுக்கு உங்க தேங்காய் போட்ட பொரியலே போதும், ஏன்னா அங்க எல்லார் வீட்லயும் பாரம்பரியம்னு பண்ற பீன்ஸ் கேசரோல், 1955ல ஒரு சூப் கம்பெனியோட சமையல்கூடத்துல கண்டுபுடிச்சது, அது பாரம்பரியம் ஆகலாம்னா உங்க பொரியலும் ஆகலாம். கிரான்பெர்ரிக்கு பதிலா பெரிய நெல்லிக்காயை ஆவில வேக வெச்சு கொட்டை எடுத்து, வெல்லப்பாகுல இஞ்சி, துளி பட்டைத்தூள் போட்டுக் கிளறுங்க, அந்தப் புளிப்பு இனிப்பு அப்படியே வந்துடும். அந்தப் பறங்கிக்காய் 'பை'ல முட்டை போடுவாங்க, அதனால அது வேணாம். பறங்கிக்காயைத் துருவி நெய்ல பச்சை வாசனை போக வதக்கி, பால்ல வேக விட்டு, சர்க்கரை போட்டு அல்வா பதத்துல இறக்குங்க, ஏலக்காய்க்கு பதிலா பட்டை, சுக்கு, ஜாதிக்காய், ஒரே ஒரு கிராம்பு பொடிச்சுப் போடுங்க. அந்த வாசனை வந்ததும் பேத்தி அடுப்படிக்கு ஓடி வருவா பாருங்க.

சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. அங்க மேஜையைச் சுத்தி ஒவ்வொருத்தரும் எதுக்கு நன்றின்னு ஒரு வார்த்தை சொல்வாங்க. நம்ம வீடுங்கள்ல இது பழக்கமே இல்ல. அம்மாகிட்ட தேங்க்ஸ் சொன்னா "என்னடா புதுசா"ன்னு கேப்பாங்க. நாம நன்றியை செஞ்சு காட்டற ஆளுங்க, சூரியனுக்கு பொங்கல் வெப்போம், மாட்டுக்கு கொம்புல வர்ணம் அடிப்போம், ஆயுத பூஜை அன்னைக்கு அரிவாள்மணைக்கும் ஸ்கூட்டருக்கும் பொட்டு வெப்போம். ஆனா நாப்பது வருஷமா சமைச்சுப் போட்ட மனுஷிக்கு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. என் மகன் பாஸ்டன்ல இருந்தப்ப ஒரு நவம்பர் நான் அங்க போயிருந்தேன், மேஜைல மருமக, "அத்தை வந்து வீட்ல ரச வாசனை வந்துச்சு, அதுக்கு நன்றி"ன்னா. எனக்கு சோறு இறங்கல, கண்ணுல தண்ணி. அதனால இதை மட்டும் விட்டுடாதீங்க. இலை போட்டு தரையிலயே உக்காந்துக்கலாம், ஆனா ஆளுக்கொரு வார்த்தை சொல்லிட்டு சாப்பிடுங்க. உங்க வீட்டுக்காரர் கூச்சப்படுவார், பேத்தியை விட்டுக் கேக்கச் சொல்லுங்க.

எங்க டீம்ல டொரன்டோ ஆளுங்க அக்டோபர்லயே லீவு எடுத்துட்டாங்க, சிகாகோ ஆளுங்க நவம்பர் கடைசில எடுக்கறாங்க. ஒரே பண்டிகைக்கு ஏன் ரெண்டு தேதி? – வாசகர், வேளச்சேரி

கனடாவுல குளிர் சீக்கிரம் வந்துடும் தம்பி, அறுவடையும் சீக்கிரம் முடிஞ்சுடும். அங்க அக்டோபர் ரெண்டாவது திங்கள்னு 1957ல நிரந்தரமாக்கினாங்க. அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் நடந்துட்டிருந்த 1863ல ஜனாதிபதி லிங்கன் நவம்பர் கடைசி வியாழன்னு அறிவிச்சார். அதுக்குப் பின்னாடி சாரா ஜோசஃபா ஹேல்னு ஒரு பத்திரிகை ஆசிரியை இருந்தாங்க, நாடு முழுக்க ஒரே நாள்ல கொண்டாடணும்னு வருஷக்கணக்கா தலையங்கம் எழுதி, ஜனாதிபதிங்களுக்கு லெட்டர் போட்டு, விடவே இல்ல. பத்திரிகைல வேலை பாக்கற எனக்கு அவங்க மேல தனி மரியாதை. 1939ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு இன்னும் கொஞ்சம் நாள் கிடைக்கட்டும்னு ஒரு வாரம் முன்னாடி தள்ளினார், பாதி மாநிலம் ஒத்துக்கல, ஒரே குழப்பம். 1941ல தான் நாலாவது வியாழன்னு சட்டம் வந்துச்சு. அதனால எப்பவும் 22லேர்ந்து 28க்குள்ள வரும், ரிலீஸ் தேதி பிளான் பண்ணும்போது ஞாபகம் வெச்சுக்கோங்க.

நமக்குப் பொங்கல் இருக்கே, உழவனுக்கு நன்றி சொல்ற நாள். எதுக்கு இன்னொரு நாட்டு விழாவை இழுத்துட்டு வரணும்? அதுவும் அங்க இருந்த பூர்வகுடிகளை அழிச்சவங்க விழா இல்லையா? – வாசகர், அம்பத்தூர்

உங்க கோபத்துல நியாயம் இருக்குங்க. 1620ல மேஃப்ளவர் கப்பல்ல வந்த இங்கிலாந்துக்காரங்கள்ல பாதிப் பேர் முதல் குளிர்காலத்துலயே செத்துட்டாங்க. மிச்சம் இருந்தவங்களுக்கு மக்காச்சோளம் எப்படிப் போடணும், குழில மீனைப் புதைச்சு எரு ஆக்கணும்னு சொல்லிக் குடுத்தது டிஸ்குவான்டம்ங்கற பூர்வகுடி மனுஷர். 1621ல விளைச்சல் நல்லா வந்ததும் அவங்க குடியேறின பிளிமத்துல மூணு நாள் விருந்து, வாம்பனோக்ங்கற பூர்வகுடி மக்களோட தலைவர் மாசசோய்ட் 90 ஆளுங்களோட வந்தார், அஞ்சு மானை வேட்டையாடிக் குடுத்ததும் அவங்கதான். ஆனா அடுத்த தலைமுறைல, 1675ல, மாசசோய்ட் மகன் மெட்டாகோம் காலத்துல பெரிய போர், அந்த ஜனங்க நிலமும் போச்சு உயிரும் போச்சு. அதனால 1970லேர்ந்து பூர்வகுடிகள் அதே நாள்ல பிளிமத்துல கூடி துக்க நாளா அனுசரிக்கறாங்க. மகன் என்னை அங்க கூட்டிட்டுப் போனான், கடலைப் பாத்த மேட்டுல மாசசோய்ட் சிலை நிக்குது, பக்கத்துல துக்க நாள் பத்தின பலகையும் இருக்கு. ரெண்டையும் பாத்துட்டு வந்தா வான்கோழி மட்டும் ஞாபகத்துல நிக்காது. அங்க வளர்ற நம்ம பிள்ளைங்களுக்கு இந்தக் கதையை முழுசா சொல்லணும்ங்கறது என் கருத்து, விழாவையே வேணாம்ங்கறது இல்ல. நம்ம பொங்கலுக்கு அதனால ஒரு குறையும் வராது. தை மாசம் அதே பிள்ளைங்க பால் பொங்கும்போது குலவை போட்டுட்டுதான் இருப்பாங்க.

மாமா வீட்ல முழு வான்கோழி வாங்கித் தரேன்னு சொல்றாங்க. எங்க வீட்டு ஓடிஜில, அதான் அந்த கரண்ட் அடுப்புப் பெட்டில, வேகுமா அக்கா? – வாசகி, பெரம்பூர்

சின்ன ஓடிஜில அது நுழையவே நுழையாதும்மா. கடைலயே துண்டு போட்டு வாங்கிடுங்க, காலும் தொடையும் வேற, நெஞ்சுக்கறி வேற. உப்பு, மஞ்சள், மிளகு, பூண்டு தடவி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வைங்க. கால் பகுதி வேக நேரம் எடுக்கும், நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுடும், ரெண்டையும் தனித்தனியா வேக வெச்சா பிரச்சனை இல்ல. எலும்பை ஒட்டின இடத்துல 74 டிகிரி செல்சியஸ் சூடு வந்திருக்கணும். ஃப்ரோசன்னா ரெண்டு கிலோவுக்கு ஒரு நாள்னு கணக்கு வெச்சு ஃப்ரிட்ஜ்லயே உருக விடுங்க, மேடைல வெச்சு உருக வெக்காதீங்க, நம்ம ஊரு சூடு அப்படி. என்னைக் கேட்டா, பாதியை பிரியாணி போட்டுடுங்க.

வேற எந்த நாட்டுல இது மாதிரி இருக்கு? ஸ்கூல் புராஜெக்ட்டுக்கு வேணும். – மாணவி, தாம்பரம்

லைபீரியால நவம்பர் முதல் வியாழன், அமெரிக்காலேர்ந்து போய்க் குடியேறின கறுப்பின மக்கள் கொண்டு போனது. ஆஸ்திரேலியா பக்கத்துல நார்ஃபோக் தீவுல நவம்பர் கடைசி புதன், அது அமெரிக்கத் திமிங்கில வேட்டைக்காரங்க மூலமா வந்துச்சு. ஜப்பான்ல நவம்பர் 23, உழைப்புக்கு நன்றி சொல்ற நாள், அதோட வேர் புது நெல் படைக்கற பழைய சடங்கு. கொரியால சூசோக்னு அறுவடைப் பண்டிகை, அன்னைக்கு சோங்பியோன்னு ஒண்ணு பண்ணுவாங்க, அரிசி மாவுல எள்ளுப் பூரணம் வெச்சு பைன் இலை மேல ஆவில வேக வெப்பாங்க, படத்தைப் பாத்தா நம்ம கொழுக்கட்டைன்னே சொல்லுவ. வெளிநாடு மட்டும் எழுதாதம்மா, உங்க ஏரியா சி.எஸ்.ஐ. சர்ச்ல அறுப்பின் பண்டிகை எப்போன்னு விசாரி. வாழைத்தார், தேங்காய், கோழின்னு ஜனங்க கொண்டு வந்து காணிக்கையா வெப்பாங்க, அப்புறம் ஏலம் விடுவாங்க. நேர்ல போய் நின்னு பாத்து எழுது.

மிச்சமான வான்கோழிக் கறியை என்ன பண்றது? – வாசகி, திருவொற்றியூர்

உதிர்த்து கொத்து பரோட்டா போடுங்க. சமைச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குள்ள போயிடணும். நவம்பர் மழைல கரண்ட் போய் ரொம்ப நேரம் வரலன்னா யோசிக்காம கொட்டிடுங்க.