ட்ரோ ரேஞ்சருக்கு அடுத்து என்ன வாங்குவது?

கேள்வி: ஐந்து பேர் ஐந்து பேராக மோதும் டோட்டா 2 கணினி விளையாட்டில் பெரும்பாலும் ட்ரோ ரேஞ்சர் என்ற வில்லெய்யும் ஹீரோவை எடுத்து ஆடுகிறேன். ப்ரோ பிளேயர்களின் பில்டை, அதாவது அவர்கள் ஐட்டம் வாங்கும் வரிசையைப் பார்த்து, டெசலேட்டர், டேடலஸ் என்று டேமேஜ் ஐட்டங்களை அதே வரிசையில் வாங்குகிறேன். ஃபார்ம் (கோல்டு சேர்ப்பது) நன்றாகவே வருகிறது. ஆனால் டீம்ஃபைட் (இரு அணியும் மோதும் சண்டை) தொடங்கியதும் முதலில் சாவது நான்தான். இன்னும் எந்த டேமேஜ் ஐட்டம் சேர்த்தால் இது சரியாகும்? இணையத்தில் பழக்கமான ஒருவர், பணம் கொடுத்தால் எனக்கென்றே தனி பில்டு போட்டுத் தருவதாகவும், அக்கவுன்ட்டைக் கொடுத்தால் ரேங்கையும் ஏற்றித் தருவதாகவும் சொல்கிறார். நம்பலாமா?
— கல்லூரி மாணவர், திருப்பூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பணமும் கொடுக்காதீர்கள், அக்கவுன்ட்டும் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஐட்டத்துக்கு வருவோம். உங்களிடம் டேமேஜ் குறைவாக இல்லை. அந்த டேமேஜைப் போட நீங்கள் உயிரோடு இல்லை, அதுதான் பிரச்சினை. டேடலஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 சதவீத வாய்ப்பில் அடி 225 சதவீதமாக விழும், இதைத்தான் க்ரிட் என்பார்கள். சராசரி போட்டுப் பார்த்தால் இந்தக் க்ரிட்டால் மட்டும் உங்கள் அடி சுமார் 37 சதவீதம் கூடுகிறது. அருமையான ஐட்டம், மறுக்கவில்லை. ஆனால் பத்து விநாடி நடக்கிற சண்டையில் நீங்கள் மூன்றாவது விநாடியிலேயே விழுந்துவிட்டால், அந்தக் க்ரிட் இருந்தும் நீங்கள் போட்டது ஏறக்குறைய நாலு விநாடி அடிதான். அந்தக் க்ரிட்டே இல்லாமல் எட்டு விநாடி நின்று அடித்தால் அதைப்போல இரண்டு மடங்கு. தூரத்திலிருந்து அடிக்கும் எல்லா ஹீரோவுக்கும் கணக்கு இதுதான்: ஒரு விநாடிக்கு எவ்வளவு அடி, எத்தனை விநாடி நின்றீர்கள். இந்த இரண்டையும் பெருக்க வேண்டும். நீங்கள் முதல் எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறீர்கள்.

ட்ரோவின் அடி எட்டும் தூரம் 625. எதிரணியில் ஆக்ஸ் என்ற ஹீரோ இருந்து, அவன் கையில் நொடியில் இடம் தாவ வைக்கும் பிளிங்க் டாகர் இருந்தால், அவன் குதிக்கும் தூரம் 1200. நீங்கள் அடிக்க முடிகிற தூரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தொலைவில், மேப்பில் இருட்டாகத் தெரிகிற இடத்தில், அவன் காத்திருக்கிறான். அவன் குதித்து, பின்னாலேயே இன்னொருவன் ஸ்டன் போட்டு உங்களை அசையவிடாமல் செய்தால், உங்கள் டெசலேட்டர் பையில் கிடக்க வேண்டியதுதான். ரேஞ்ச் ஹீரோ எடுத்தால் பத்திரம் என்ற நினைப்பு லேனிங் (ஆட்டத்தின் தொடக்கக் கட்டம்) முடியும் வரைதான் செல்லும். அதற்கப்புறம் எதிரணியின் முதல் குறியே நீங்கள்தான்.

ஆகவே ஷாப்பைத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள். எதிரே இருக்கிற ஐந்து பேரில் என் பக்கத்தில் வந்து நிற்கக்கூடியவன் யார், வந்தால் என்ன செய்வான்?

வருகிறவன் ஸ்டன், சைலன்ஸ் (திறமைகளைப் பயன்படுத்தவிடாதது), ஹெக்ஸ் (பிராணியாக மாற்றிவிடுவது) என்று மந்திர வேலை செய்கிறவன் என்றால் பிளாக் கிங் பார். விலை 4050 கோல்டு, டேடலஸைவிடக் குறைவு. 2023 ஏப்ரலில் வந்த 7.33 பேட்ச்சுக்குப் (கேம் அப்டேட்டுக்குப்) பிறகு இது மந்திர அடியை முழுதாகத் தடுப்பதில்லை, குறைக்கத்தான் செய்கிறது. ஆனால் பெரும்பாலான ஸ்டன்னும் சைலன்ஸும் ஒட்டாது. ஹெவன்ஸ் ஹால்பெர்டு வைத்து உங்களை அடிக்கவே விடாமல் கையைக் கட்டிப்போடுவார்களே, ரேஞ்ச் ஹீரோ என்றால் அதன் நேரமும் கூடுதல், அதுவும் ஒட்டாது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அதன் நேரம் குறைந்துகொண்டே வரும் என்பதால் சின்னச் சண்டையில் வீணாக்காதீர்கள்.

இதில் ஒரு சங்கதி உண்டு. ஸ்டன் விழுந்த பிறகு பிளாக் கிங் பாரை அழுத்த முடியாது. பட்டன் வேலை செய்யாது, அவ்வளவுதான். என்னிடம் ரீப்ளே அனுப்பி, 'பார் வாங்கியும் பிரயோஜனம் இல்லை' என்று சொல்பவர்களின் ரீப்ளேயைத் திறந்தால் அநேகமாக ஒரே காட்சிதான். ஆள் செத்துக் கிடக்கிறான், பார் அழுத்தப்படாமல் பளிச்சென்று மின்னிக்கொண்டிருக்கிறது. சண்டை தொடங்குகிற நொடியில், முதல் அம்பு விடுவதற்கு முன்பே அழுத்த வேண்டிய பொருள் அது. அடி விழட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால் வாங்கியதே வீண். ஆக்ஸின் பெர்சர்கர்ஸ் கால் என்ற திறமை போன்ற சில விஷயங்கள் பாரையும் மீறிப் பிடிக்கும். அதற்கு ஐட்டம் தேடாதீர்கள், தள்ளி நில்லுங்கள்.

வருகிறவன் ஸ்லார்க், ஃபேன்டம் அசாசின் மாதிரி பாய்ந்து வந்து கையால் வெட்டுகிறவன் என்றால் பாரைவிட ஹரிகேன் பைக் முக்கியம். அவன் வெட்டை பார் தடுக்காது. ட்ரோவுக்கு இதில் கூடுதல் கஷ்டம் ஒன்று உண்டு, பல பேர் கவனிப்பதில்லை. எதிரி ஹீரோ மிகவும் பக்கத்தில் வந்துவிட்டால் உங்கள் மார்க்ஸ்மன்ஷிப் என்ற கூடுதல் டேமேஜ் தரும் திறமை அணைந்துவிடும். அதாவது அவன் வந்து நின்ற மாத்திரத்தில் உங்கள் உயிரும் ஆபத்தில், டேமேஜிலும் பெரும்பகுதி போச்சு. பைக்கை அவன் மேல் அழுத்தினால் அவன் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் தள்ளப்படுவீர்கள். அதன் பிறகு சில அடிகளுக்கு அவன் மேல் தூரக் கட்டுப்பாடும் இல்லை. எந்த டேமேஜ் ஐட்டமும் தராத டேமேஜ் இது, ஏனென்றால் அணைந்த மார்க்ஸ்மன்ஷிப்பைத் திரும்ப ஏற்றுகிறது.

பவர் ட்ரெட்ஸ், டிராகன் லான்ஸ் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டிராகன் லான்ஸ்தான் பைக்குக்கு அடிப்படை, வீணாகாது. அதற்கடுத்த இடத்தில்தான் மேலே சொன்ன கேள்வி. அதற்குப் பதில் கிடைத்து, நின்று அடிக்கிற நிலைமை வந்த பிறகு டேமேஜுக்குப் போங்கள். அங்கேயும் எதிரியைப் பார்த்துத்தான். எதிரணி கேரி (அணியின் முக்கிய டேமேஜ் ஹீரோ) பட்டர்ஃபிளை வாங்கியிருந்தால் உங்கள் அடியில் 35 சதவீதம் அவன் மேல் படவே படாது. ஃபேன்டம் அசாசினுக்கு அந்தத் திறமை கூடவே பிறந்தது. அப்படிப்பட்டவர்கள் இருந்தால் அதையும் மீறி அடி பட வைக்கும் மங்கி கிங் பார் முதலில், டேடலஸ் பிறகு. அடியே படவில்லை என்றால் க்ரிட் எங்கிருந்து வரும்? டிவைன் ரேப்பியரை மறந்துவிடுங்கள். செத்தால் கீழே விழுகிற பொருளை, முதல் ஆளாகச் சாகிறவர் வாங்கக் கூடாது.

வாங்கவே கூடாத சில உண்டு. பேட்டில் ஃப்யூரியின் பக்கவாட்டு வெட்டு ரேஞ்ச் ஹீரோவுக்கு வேலை செய்யாது. ஸ்கல் பேஷர் கைச்சண்டைக்காரனுக்கு 25 சதவீத வாய்ப்பில் ஸ்டன் கொடுக்கும். வில்லெடுத்தவனுக்கு 10 சதவீதம்தான். விலை மட்டும் இருவருக்கும் ஒன்றே. ஷாப்பில் அந்த விவரம் எழுதியிருக்கிறது, யார் படிக்கிறார்கள்?

'அப்படியானால் ட்ரோல் வார்லார்ட் பேட்டில் ஃப்யூரி வாங்குகிறானே, அவனும் ரேஞ்ச்தானே' என்று யாராவது உடனே கேட்பார்கள். இதை ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பத்தால் பாழான மேட்ச்களுக்குக் கணக்கில்லை. ட்ரோல் இரண்டு நிலையிலும் நிற்கக்கூடியவன். தூரத்திலிருந்து கோடரி எறிகிற நிலையில் அவன் ரேஞ்ச் ஹீரோ. நிலையை மாற்றிக் கிட்டே போய் வெட்டுகிறபோது அவன் கைச்சண்டை ஹீரோ. கேம் அந்தந்த நொடியில் அவன் எந்த நிலையில் நிற்கிறான் என்றுதான் பார்க்கும். கிட்டே நின்று வெட்டினால் பேட்டில் ஃப்யூரி வேலை செய்யும், எறிந்தால் செய்யாது. டெரர்பிளேடு இதற்கு நேர் தலைகீழ். அவன் பிறப்பால் கைச்சண்டைக்காரன். மெட்டமார்ஃபசிஸ் என்ற உருமாற்றத் திறமையைப் போட்டால் மட்டும் ரேஞ்ச் ஆகிறான். டிராகன் லான்ஸின் கூடுதல் தூரம் அந்த நேரத்தில் மட்டும் அவனுக்குக் கிடைக்கும், உருவம் பழையபடி திரும்பியதும் போய்விடும். ஆக, அவன் லான்ஸ் வாங்குகிறான் என்பதற்காக எல்லாக் கைச்சண்டை ஹீரோவும் வாங்க முடியாது. ட்ரோல் பேட்டில் ஃப்யூரி வாங்குகிறான் என்பதற்காக ட்ரோவும் வாங்க முடியாது. ட்ரோவுக்கு மாற்று உருவம் கிடையாது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதைத் தவிர இரண்டு பேருக்கும் எந்த உறவும் இல்லை.

இன்னொன்று ஷேடோ பிளேடு. மறைந்து தப்பிக்கலாம் என்று 3000 கோல்டு போட்டு வாங்குவீர்கள். எதிரணி சப்போர்ட் (துணைக்கு நிற்கும் ஹீரோ) 80 கோல்டுக்கு மறைந்தவரைக் காட்டிக்கொடுக்கும் டஸ்ட் வாங்கித் தூவுவான். உங்கள் மூவாயிரம் அத்தோடு சரி.

ப்ரோ பில்டைப் பார்த்து வாங்கினீர்கள் என்றீர்கள். அவர்கள் வாங்கியது தவறில்லை, உங்கள் நிலைமை வேறு. அங்கே கேரியைக் காப்பாற்றுவதற்கென்றே இரண்டு சப்போர்ட்கள் ஃபோர்ஸ் ஸ்டாஃப், கிளிம்மர் கேப் வாங்கி வைத்துக்கொண்டு அவன் நிழல்போல நிற்பார்கள். பாருக்கு ஆகும் கோல்டைக் கொஞ்சம் தள்ளிப்போட அவனால் முடியும். உங்கள் மேட்ச்சில் சப்போர்ட் எங்கே இருக்கிறான் என்று உங்களுக்கே தெரியாது. ப்ரோ வாங்கிய ஐட்டத்தைப் பார்க்கிறவர்கள், அவன் பக்கத்தில் நிற்கிற ஆளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெற்றி சதவீதப் பட்டியல்களிலும் இதே ஏமாற்று. 'இந்த ஐட்டம் வாங்கியவர்களில் இத்தனை சதவீதம் ஜெயித்தார்கள்' என்று பார்த்ததும் வாய் ஊறும். கொஞ்சம் யோசியுங்கள். விலை உயர்ந்த ஐட்டத்தை வாங்கி முடிக்கிறவன் யார்? ஏற்கெனவே கோல்டில் முன்னால் இருப்பவன். அவன் எதை வாங்கியிருந்தாலும் ஜெயித்திருப்பான். பணக்காரன் கட்டியிருக்கிற கடிகாரத்தை வாங்கினால் நாமும் பணக்காரன் ஆகிவிடலாம் என்கிற கதைதான். தோற்றுக்கொண்டிருந்த நிலையிலிருந்து திருப்பிக் கொடுத்த ஐட்டங்கள் அந்தப் பட்டியலில் கீழேதான் கிடக்கும்.

இதில் கேம் தயாரிப்பாளர்களையும் சும்மா விட முடியவில்லை. 2018 மார்ச்சிலிருந்து டோட்டா பிளஸ் என்று மாதச் சந்தா வாங்கி, அடுத்து என்ன வாங்கலாம் என்று திரையிலேயே பரிந்துரைக்கிறார்கள். அதுவும் மற்றவர்கள் ஆடிய மேட்ச்களின் கணக்கை வைத்துத்தான். ஏன் வாங்க வேண்டும் என்று ஒரு வரி சொல்லித்தராது. 2024 மே மாதம் 7.36 பேட்ச்சில் எல்லா ஹீரோவுக்கும் புதிய பிறவித் திறமை கொடுத்து, ஆட்டத்தையே புரட்டிப் போட்டார்கள். அதற்கு முன் எடுத்த வீடியோக்கள் எல்லாம் இன்னும் அப்படியே கிடக்கின்றன. புதிதாக வருகிற பையன் எது பழையது எது புதியது என்று எப்படிக் கண்டுபிடிப்பான்? வீடியோவில் பேட்ச் எண் சொல்லவில்லை என்றால் மூடிவிடுங்கள். விலையும் சதவீதமும் மாறிக்கொண்டே இருக்கும். நான் மேலே சொன்ன எண்களையும் வாங்குவதற்கு முன் ஷாப்பில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பணமும் அக்கவுன்ட்டும் கேட்ட அந்தத் தரகர். 'உங்களுக்கென்றே தனி பில்டு' என்று அவர் விற்கப்போவது, கேமுக்குள்ளேயே இலவசமாகக் கிடைக்கிற கைடுகளில் ஒன்றை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அழகாக ஒட்டியதாகத்தான் இருக்கும். எதிரணி யார் என்று தெரியாமல் முன்கூட்டியே போட்ட பில்டு எப்படி உங்களுக்கென்று ஆகும்? ரேங்க் ஏற்றித் தருவது அதைவிட மோசம். அக்கவுன்ட்டை அடுத்தவருக்குக் கொடுப்பதோ விற்பதோ ஸ்டீம் விதிப்படியே கூடாது. 2023 செப்டம்பரில் வால்வ் நிறுவனம், தங்கள் உண்மையான ரேங்கை மறைத்துக் கீழே வந்து ஆடிய 90,000 அக்கவுன்ட்களை முடக்கியதாக அறிவித்தது. அவற்றின் பின்னால் இருந்த முதன்மை அக்கவுன்ட்களுக்கும் தண்டனை உண்டு என்றும் எச்சரித்தது. உங்கள் அக்கவுன்ட்டில் வேறு ஆள் ஆடி மாட்டினால் தடை விழுவது உங்கள் பெயரில். அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விடுவார்.

மாட்டாமல் ரேங்க் ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே இருப்பவர்கள் உங்களை மூன்றாவது விநாடியில் இல்லை, முதல் விநாடியிலேயே கொல்லுவார்கள். சில வாரத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள், இடையில் திட்டு வாங்கியது மிச்சம்.

ஒருவேளை ஏற்கெனவே பாஸ்வேர்டு கொடுத்துவிட்டீர்கள் என்றால், தாமதிக்காமல் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் ஸ்டீமோடு இணைத்திருக்கிற மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு ஸ்டீம் பாஸ்வேர்டை. மின்னஞ்சல் அவர் கையில் இருந்தால் ஸ்டீமில் நீங்கள் எதை மாற்றினாலும் அவர் திருப்பி மாற்றிவிடுவார். அப்புறம் ஸ்டீம் கார்டு அமைப்புக்குள் போய் மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றிவிட்டு, மொபைல் ஆத்தென்டிகேட்டரை உங்கள் போனிலேயே போடுங்கள். ஸ்டீமில் ஏபிஐ கீ என்று ஒரு பக்கம் இருக்கிறது. நீங்கள் உருவாக்காத கீ அங்கே ஏதாவது இருந்தால் ரத்து செய்துவிடுங்கள். பாஸ்வேர்டு மாற்றிய பிறகும் உங்கள் ஐட்டங்களை வேறு பக்கம் திருப்ப இந்த ஆட்கள் வைத்துக்கொள்கிற கள்ளச்சாவி அதுதான்.