தீயணைப்பு நிலையத்துக் குசினி

அன்புள்ள அண்ணா,

என் மச்சான் ஒருவன் போன வருடம் ரொறன்ரோவில் தீயணைப்பு வேலையில் சேர்ந்தான். எப்ப வீடியோ கோல் எடுத்தாலும் ஒன்றில் வெங்காயம் உரிக்கிறான், இல்லாவிட்டால் கோப்பை கழுவுகிறான், அதுவும் இல்லாவிட்டால் தீயணைப்பு ரக் வண்டியைத் துடைக்கிறான். "இதுக்கோடா உவ்வளவு சம்பளம்" என்று பகிடி பண்ணினால் கோபிக்கிறான். கூட நிற்கிறவர்களைச் சகோதரங்கள் என்கிறான். புதிதாய் வந்தவனிடம் இப்படி வேலை வாங்குவது எங்கள் கம்பஸ் பகிடிவதை மாதிரித்தானே? நெருப்பு இல்லாத நேரம் இவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

வாசகர், கொக்குவில்

அன்புள்ள தம்பி,

மச்சான் கழுவுகிற கோப்பையிலிருந்தே தொடங்குவோம்.

ரொறன்ரோவில் ஒரு ஷிப்ட் 24 மணித்தியாலம். 28 நாளில் ஏழு ஷிப்ட். அழைப்பு எந்த நேரமும் வரலாம் என்பதால் ஆளாளுக்குக் கடைக்குப் போய்ச் சாப்பிட முடியாது. எல்லாரும் காசு போட்டு நிலையத்திலேயே சமைப்பார்கள். சாமான் வாங்கவும் ரக்கிலேயே, முழு அணியாக, வோக்கியோடுதான் போவார்கள். அழைப்பு வந்தால் நிறைந்த தள்ளுவண்டிலைக் கடைக்குள் விட்டுவிட்டு ஓட்டம். வட அமெரிக்க நிலையங்கள் பலவற்றில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனித்தனிக் குளிர்சாதனப் பெட்டி, அதற்குப் பூட்டு வேறு. சகோதரங்களுக்குள்ளும் பூட்டு உண்டு என்று மச்சானிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பான்.

வேலை காலையில் ஷிப்ட் மாறும்போதே தொடங்கிவிடும். மூச்சுக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் வால்வை முழுதாகத் திறந்து அமுக்கமானியைப் பார்க்க வேண்டும். முகமூடியைப் போட்டு, ஓரத்தால் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். தாடி இருந்தால் கசியும், அதனால்தான் மச்சான் மழுங்கச் சிரைத்திருக்கிறான். பிறகு வால்வை மூடி, மானி முள் தானாக இறங்குகிறதா என்று கவனிப்பது. இறங்கினால் எங்கோ ஒரு வோஷர் போய்விட்டது. முள் அசையாவிட்டால் மெல்ல மெல்ல மூச்சிழுத்துக் குறைத்துக்கொண்டு போவது. மூன்றிலொரு பங்குக்கு வந்ததும் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். ஒலிக்காத கருவி ரக்கில் ஏறாது. '45 நிமிடச் சிலிண்டர்' என்று எழுதியிருப்பதை நம்பி யாரும் உள்ளே போவதில்லை. பாரம் தூக்கி, மாடி ஏறி, இரைக்க இரைக்க வேலை செய்கிறவனுக்கு அது 20, 25 நிமிடத்தில் முடிந்துவிடும்.

அதே கருவியில் இன்னொரு சின்னப் பெட்டியும் இருக்கிறது. போட்டிருக்கிறவன் 30 விநாடி அசையாமல் இருந்தால் அது காது கிழியக் கத்தும். அதற்குச் சற்று முன்னரே ஒரு முன்னறிவிப்பு வரும். அதனால் நெருப்பணைத்துவிட்டு முற்றத்தில் களைத்து நிற்கிறவர்கள் அடிக்கடி இடுப்பை ஆட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். சிரிப்பாகத்தான் இருக்கும்.

உள்ளே நடப்பதைச் சொன்னால்தான் கோப்பை விளங்கும். 45 மில்லிமீற்றர் குழாய் 15 மீற்றரில் நிற்கும் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 24 கிலோ. முனையைத் திறந்தால் முப்பது கிலோ அளவில் பின்னுக்குத் தள்ளும். முன்னால் ஒருவன் முனையைப் பிடிக்க, இரண்டாமவன் பின்னால் நின்று அவன் முதுகில் முட்டுக்கொடுத்து அந்தத் தள்ளலைத் தாங்கிக்கொண்டு குழாயை இழுத்துக் கொடுப்பான். அவன் கதவு மூலையில் குழாய் மடங்கியதைக் கவனிக்காவிட்டால் முன்னால் நிற்கிறவனுக்குத் தண்ணீர் நின்றுவிடும். புகைக்குள் தன் கையே தெரியாது. பின்னால் நிற்கிறவன் நிற்கிறானா, போய்விட்டானா என்று திரும்பிப் பார்க்க முடியாது. புதிதாய் வந்தவன், சொல்லாமலே எழும்பிக் கோப்பை கழுவுகிறானா, பாதியில் விட்டுவிட்டு போனைப் பார்க்கிறானா என்று மற்றவர்கள் கவனிப்பது இதற்காகத்தான். அவனைப் பற்றி அவர்களுக்கு வேறு சாட்சி கிடைப்பது அரிது. பெருநகரங்களில் அழைப்புகளில் பெரும்பங்கு மருத்துவ உதவி, விபத்து, பொய் அலாரம். உண்மையான பெருநெருப்பு தினமும் வராது.

பகிடிவதை பற்றிக் கேட்டீர்கள். கப்டனும் துவாயை எடுத்துக்கொண்டு கோப்பை துடைக்க வருகிற நிலையத்தில் அது வேலைப் பழக்கம். முதல் நெருப்புக்குப் போனவன் எல்லாருக்கும் ஐஸ்கிறீம் வாங்க வேண்டும் என்பதையும் யாரும் வதை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரே ஆளையே குறிவைப்பது, நிறத்தையோ பெண் என்பதையோ வைத்து நக்கல் அடிப்பது வதைதான், என்ன சீருடை போட்டாலும். 'நாங்கள் ஒரு குடும்பம்' என்ற பேச்சு இதை மூடிவைக்கவும் உதவும். 2022 நவம்பரில் நசீர் அப்சலின் சுயாதீன மீளாய்வு, லண்டன் தீயணைப்புப் படையில் இனவெறியும் பெண்வெறுப்பும் நிறுவனரீதியாகவே இருப்பதாகக் கண்டது. ஆகவே மச்சான் சகோதரம் என்றால் நம்புங்கள், ஆனால் இடைக்கிடை விசாரியுங்கள்.

இன்னொன்றையும் விசாரியுங்கள்: அழுக்கு உடுப்போடு குசினிக்குள் வருகிறார்களா? கரி படிந்த ஜக்கெற் ஒரு காலத்தில் பெருமை. 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் முதலாம் வகுப்பில் சேர்த்தது.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்துக்கு வந்தால், மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவுக்குத் தண்ணீர்க் கணக்கு வேறு. நிமிடத்துக்கு 450 லீற்றர் பாய்ச்சினால் 5,000 லீற்றர் பவுசர் பதினொரு நிமிடத்தில் காலி. பிறகு கிணறுதான். பம்பு எவ்வளவு பெரிதானாலும் உறிஞ்சி எடுப்பது நடைமுறையில் ஏழு மீற்றர் ஆழத்துக்குள்தான், ஏனென்றால் தண்ணீரை மேலே தள்ளுவது வளிமண்டல அமுக்கம். மாரி மழைக்கு முன், புரட்டாதியில், பல கிணறுகளில் அந்த ஏழு மீற்றரும் சந்தேகம். உறிஞ்சு குழாயின் இணைப்பில் ஒரு ரப்பர் வோஷர் வெடித்திருந்தால் காற்றுத்தான் வரும், தண்ணீர் ஏறாது. அந்த வோஷரைக் காலையில் தொட்டுப் பார்த்தவன் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒழுங்கை முகப்பில் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திவிட்டு வீடியோ எடுக்கிறவர்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மச்சானின் சமையல் முறை வரும்போது நல்ல ஆட்டிறைச்சிக் கறி வைக்கச் சொல்லுங்கள், உறைப்பைப் பாதியாக்கி. பல நிலையங்களில் அலாரம் அடித்ததும் அடுப்பு தானாக அணையும். கறி அதைத் தாங்கும், திரும்பி வந்து சூடாக்கலாம். ஒடியல் கூழ் மட்டும் வேண்டாம். மாவைக் கரைத்து விட்ட பிறகு கிண்டாமல் போனால் கட்டிபட்டுவிடும்.