கார் ஆலைக்கு ஒன்றும் ஆகவில்லை, பிறகு ஏன் தாமதம்?

கேள்வி: புதிய கார் பதிவு செய்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. நிலநடுக்கத்தால் பாகம் வரவில்லை என்கிறார் விற்பனையாளர். கார் ஆலையோ அந்த நாட்டிலேயே இல்லை. இது உண்மையா, சாக்கா? காத்திருக்கலாமா?

பதில்: உண்மையாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. எந்தப் பாகம் வரவில்லை என்று கேளுங்கள். காத்திருப்பதும் ரத்து செய்வதும் அதைப் பொறுத்தது.

2007 ஜூலையில் ஜப்பானின் நீகாட்டா பகுதியில் நிலம் நடுங்கியது. காஷிவஸாகி நகரில் இருந்த ரிக்கென் நிறுவனத்தின் ஆலை நின்றது. அங்கே செய்தது பிஸ்டன் ரிங், எஞ்சினுக்குள் பொருத்தும், உள்ளங்கையில் அடங்கும் உலோக வளையம். அது வராததால் டொயோட்டா தன் ஜப்பான் ஆலைகளை நிறுத்த வேண்டியதாயிற்று. கிடங்கில் குவித்து வைக்காமல், அவ்வப்போது தேவையானதை மட்டும் வரவழைப்பது அவர்கள் வழக்கம். கார் நிறுவனங்களே பொறியாளர்களை அனுப்பி, சாய்ந்த இயந்திரங்களை நிமிர்த்தின. ஏறக்குறைய ஒரு வாரத்தில் வளையம் வரத் தொடங்கியது. இப்படிப்பட்ட பாகம் என்றால் தயங்காமல் காத்திருங்கள்.

சிப் என்றால் கதை வேறு. ஜப்பானில் 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் சேதமடைந்த ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை, ஆயிரக்கணக்கானோர் பாடுபட்டும் ஜூனில்தான் உற்பத்தியைத் தொடங்கியது. தொடங்கிய மறுநாளே சரக்கு வந்துவிடாது. ஒரு சிலிக்கான் தகடு நூற்றுக்கணக்கான படிகளைத் தாண்டிச் சிப்பாக மாறவே மாதக்கணக்கில் ஆகும். அவசரம் இருந்தால் வேறு மாடலைப் பாருங்கள்.

சில சமயம் வண்ணமே வில்லனாகிவிடும். அதே 2011இல், ஃபுகுஷிமா அணு உலைக்கு அருகே ஒனஹாமாவில் இருந்த மெர்க் நிறுவனத்தின் ஆலை மூடப்பட்டது. பெயின்டில் கலந்தால் வெயிலில் மினுங்கும் ஸிராலிக் என்ற நிறமியை உலகிலேயே அந்த ஓர் ஆலைதான் அப்போது செய்துகொண்டிருந்தது. சில கறுப்பு, சிவப்பு வண்ணங்களுக்கு ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று ஃபோர்டு தன் விற்பனையாளர்களுக்குச் சொன்னது. உங்கள் தாமதம் இந்த வகை என்றால், வண்ணத்தை மாற்றினால் போதும்.

விற்பனையாளர் விழித்தால் கோபப்படாதீர்கள். பாகம் தருபவருக்குப் பாகம் தருபவர் யார் என்பது கார் நிறுவனத்துக்கே பல சமயம் தெரிவதில்லை. டொயோட்டாகூட 2011 அடிக்குப் பிறகுதான் அந்தப் பட்டியலை அடிவரை தோண்டித் தொகுத்தது. காத்திருப்பதானால், பதிவு செய்த நாளின் விலையா, கையில் கிடைக்கும் நாளின் விலையா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தால் வந்த தாமதம் என்றால் இன்னொன்று. 2011 தாய்லாந்து வெள்ளத்தில் அயுத்தயா ஆலையில் மூழ்கிய 1,055 கார்களை ஹோண்டா விற்காமல் நொறுக்கியது. எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று நம்ப வேண்டாம். “உடனே எடுத்துக்கொள்ளலாம்” என்று ஒரு கார் காட்டப்பட்டால், சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை இழுத்துப் பாருங்கள். கழுவியவர்கள் மறக்கும் இடம் அது; சேற்றுக் கோடு அங்கே இருக்கும்.