சாவி கொடுக்காமல் ஓடும் ஆட்மோஸ் மணிக்கூடு: அத்தனை விலைக்கு அதில் என்ன இருக்கிறது?

கேள்வி: சுவிட்சர்லாந்தின் ஆட்மோஸ் மேசைக் கடிகாரம் சாவி, பேட்டரி எதுவும் இல்லாமல் காற்றிலேயே ஓடுகிறது என்கிறார்கள். உண்மையா? ஒரு கடிகாரத்துக்கு அவ்வளவு விலை கொடுக்க அதில் என்ன இருக்கிறது?

உண்மைதான். சுவிட்சர்லாந்தில் பழைய மணிக்கூடுகளைத் திருத்தும் ஒரு சிறிய பட்டறையில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். (யாழ்ப்பாணத்தில் கடிகாரத்தை மணிக்கூடு என்போம். அப்படியே எழுதுகிறேன்.) ஆட்மோஸைப் பல முறை பிரித்துப் பூட்டியிருக்கிறேன். இன்னும் அதன் மேல் வியப்பு தீரவில்லை.

அதன் பின்பக்கத்தில் வட்டமான உலோக டப்பா ஒன்று இருக்கும். அதற்குள் மடிப்பு மடிப்பாக ஒரு மெல்லிய உலோகத் துருத்தி. துருத்திக்குள் எத்தைல் குளோரைடை அடைத்து மூடியிருப்பார்கள். அது ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் பொருள். அதனால் அறையின் சூடு சற்று ஏறினாலும் உள்ளே அழுத்தம் கூடித் துருத்தி விரியும். சூடு இறங்கினால் சுருங்கும். இந்த அசைவை ஒரு சிறு சங்கிலி பற்சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மணிக்கூட்டை ஓட்டும் முறுக்குச் சுருள் தானாக இறுகுகிறது. ஒரே ஒரு டிகிரி மாற்றம் இரண்டு நாள் ஓட்டத்துக்குப் போதும். எந்த வீட்டிலும் பகலுக்கும் இரவுக்கும் இடையில் அந்த ஒரு டிகிரி கிடைத்துவிடும். காற்றில் ஓடுகிறது என்று சொல்வது இதைத்தான்.

கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே வியந்து நின்றுவிடுவார்கள். எனக்கோ பெரிய அதிசயம் இதற்கு அப்பால்தான் இருக்கிறது. ஒரு துருத்தியின் மூச்சிலிருந்து கிடைக்கும் சக்தி மிக மிகக் குறைவு. அந்தச் சொற்பத்தில் குடும்பம் நடத்த வேண்டும். ஆறு கோடி ஆட்மோஸ்களைச் சேர்த்தாலும் அவை செலவழிப்பது 15 வாட் பல்பு ஒன்றின் மின்சாரம்தான் என்று அதைச் செய்யும் நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதன் விலையில் பெரும்பங்கு இந்தச் சிக்கனத்துக்குத்தான் என்பேன்.

கண்ணாடி வழியே பார்த்தால் கீழே கனத்த வளையம் ஒன்று, கிடையாக, மெல்லிய கம்பியில் தொங்கும். அதுதான் ஊசல். அரை நிமிடம் ஒரு பக்கம் திரும்பும், நிற்கும், அரை நிமிடம் மறுபக்கம் திரும்பும். பேட்டரி இல்லாமல் சுருள்வில்லில் ஓடும் கைக்கடிகாரம் ஒன்று பொதுவாக மணிக்கு 28,800 முறை துடிக்கும்போது ஆட்மோஸ் 120 முறைதான் துடிக்கிறது. துடிப்பு குறையக் குறையச் செலவும் குறைகிறது, தேய்மானமும் குறைகிறது. இதன் சக்கர அச்சுகளுக்கு எண்ணெய் விடவே கூடாது. எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகும். இவ்வளவு மெல்லிய விசையால் அந்தப் பிசினை வெல்ல முடியாது. எண்ணெய் இல்லாமல் பல பத்தாண்டுகள் ஓட வேண்டுமென்றால் அச்சின் முனை எவ்வளவு வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். முன்பு யாரோ நல்லெண்ணத்தில் எண்ணெய் விட்ட ஆட்மோஸ் பட்டறைக்கு வரும்போது மனம் நோகும். ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிக் கழுவ வேண்டும்.

அந்தக் கம்பிக்கும் ஒரு கதை உண்டு. அறையின் சூடு மாறுவதைத் தின்றுதான் இந்த மணிக்கூடு உயிர் வாழ்கிறது. ஆனால் சூடு மாறினால் சாதாரண உருக்குக் கம்பியின் மீள்விசையும் மாறி நேரம் பிசகும். உணவே நோயாகிவிடும். இதிலிருந்து காப்பாற்றுவது எலின்வார் என்ற கலப்புலோகம். வெப்பம் மாறினாலும் இதன் மீள்விசை மாறாது. கண்டுபிடித்தவர் சார்ல் எதுவார் கியோம். இதே நாட்டின் ஃப்ளூரியே ஊரில், கடிகாரத் தொழில் குடும்பத்தில் பிறந்தவர். நிக்கல் உருக்குக் கலவைகளில் செய்த ஆய்வுக்காக 1920இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

ஆட்மோஸை 1928இல் உருவாக்கியவர் ஜான் லியோன் ரூட்டர் என்ற பொறியாளர். அவருடைய முதல் வடிவத்தில் பாதரசமும் அம்மோனியாவும் இருந்தன. 1930களின் நடுவில் லெ சாந்தியே ஊரின் லெகூல்ட்ர் தொழிற்சாலை இதைக் கையில் எடுத்து, எத்தைல் குளோரைடுக்கு மாற்றியது. இன்றும் ஜேகர் லெகூல்ட்ர் என்ற பெயரில் அவர்களே செய்கிறார்கள். சுவிஸ் அரசு பெரிய விருந்தினர்களுக்குக் கொடுக்கும் அன்பளிப்பு இது. சர்ச்சிலுக்கும் கென்னடிக்கும் போயிருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு மூதாட்டி தன் ஆட்மோஸைக் கொண்டுவந்தார். கணவர் ஓய்வு பெற்றபோது வேலைத்தலத்தில் கொடுத்த பரிசு. வீடு மாறும்போது சாமான் ஏற்றியவர்கள் ஊசலை ஆடாதபடி பூட்டாமல் தூக்கியிருக்கிறார்கள். கம்பி அறுந்து வளையம் அடித்தட்டில் கிடந்தது. கம்பியை மாற்றலாம். துருத்தி உயிரோடு இருக்கிறதா என்பதுதான் எங்கள் கவலை, ஏனென்றால் வயதான துருத்திகளில் வாயு கசிந்துபோவது உண்டு. அதைக் கழற்றி உறைபனிப் பெட்டியில் வைத்தோம். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தபோது மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கியிருந்தன. மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் அளவுகோலை நிறுத்தினேன். சில நிமிடங்களில், யாரும் தொடாமல், மேல் தட்டு ஏறத் தொடங்கியது. பொங்கல் பானையைப் பார்ப்பதுபோல் நானும் முதலாளியும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வாயு கசியவில்லை. மறுபடி குளிரவைத்து, விறைப்பு இறங்குமுன் டப்பாவுக்குள் பூட்டினோம். சற்றுச் சுணங்கினாலும் விரிந்து அடங்க மறுக்கும்.

அதன் பிறகு நேரம் சரிபார்க்க மூன்று வாரம் ஆனது. இவ்வளவு மெதுவாகத் துடிக்கும் ஒன்றை அவசரப்படுத்த முடியாது. நேரம் திருத்தும் நெம்புகோலை மயிரிழை நகர்த்திவிட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும், பிறகு இன்னொரு மயிரிழை.

வாங்க நினைத்தால் என் கருத்து இது: வடிவமைப்பாளர் மார்க் நியூசன் பிரான்ஸின் பக்காரா நிறுவனத்துப் படிகக் கண்ணாடியில் செய்த ஆட்மோஸ் 561 பார்க்க ஒரு பனிக்கட்டி போல அழகாக இருக்கும். இருந்தாலும் நான் தேர்ந்தெடுப்பது ஐந்து பக்கமும் கண்ணாடி, பொன்முலாம் பூசிய பித்தளைச் சட்டம் என்ற பழைய வடிவத்தைத்தான். அதில் எதுவும் மறைவதில்லை. பழையதைத் திருத்தி வாங்கினால் விலையும் வெகுவாகக் குறையும். இது 15 முதல் 30 டிகிரி வரையிலான அறைக்காகச் செய்யப்பட்டது. நாள் முழுவதும் அதற்கு மேல் கொதிக்கும் அறையில் வைக்காதீர்கள். ஆட்டமில்லாத மேசை வேண்டும். அடித்தட்டில் சிறிய ரசமட்டம் இருக்கும், அதன் குமிழி நடுவில் நிற்கும்வரை கால்களைத் திருகுங்கள்.

அந்த மூதாட்டியின் புது வீட்டில் நானே அப்படித் திருகி வைத்தேன். பூட்டை விடுவித்ததும் வளையம் மெல்லத் திரும்பியது. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் எதிரே உட்கார்ந்துகொண்டார். தூசி துடைக்க நகர்த்தினால்கூட ஊசலைப் பூட்ட வேண்டும் என்று, பூட்டும் நெம்புகோலைக் காட்டினேன். இரண்டு முறை பூட்டித் திறந்து பழகிக்கொண்டார்.