காதல் அடுப்படியிலேயே வந்துவிட்டது

‘தி டேஸ்ட் ஆஃப் திங்ஸ்’ (2023) என்ற பிரெஞ்சுப் படத்தின் ஆரம்பச் சமையல் காட்சியைத் தள்ளிவிட்டுப் பார்த்ததாகச் சொல்லி, அதில் காதல் எப்போது வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். சமையல்காரி யூஜெனியும் அவள் முதலாளி டோடினும் சேர்ந்து சமைக்கும் அந்த அரை மணி நேரம்தான் காதல் காட்சி.

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் பாட்டி களி கிண்டும்போது, தாத்தா பானையைத் துணி சுற்றிப் பிடித்துக்கொள்வார். துடுப்பு ஒரு சுற்று சுற்றும். அவர் கை அதற்கேற்ப இறுகும். ஒரு வார்த்தை கிடையாது. அதேதான் இது, 1880களின் பிரான்ஸில்.

போனில் பார்த்தீர்களோ? பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லை; கொதிக்கிற, வதங்குகிற சத்தம்தான் எல்லாம். ஃபேன் சத்தத்தில் அது போயிருக்கும். ஹெட்போன் போட்டு இருபது நிமிடம் பாருங்கள்.

அப்புறம், இறைச்சி நிறைய வரும். சைவம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.